முத்திரையின் விலை

எமது பாடசாலை முத்திரைச் சங்கத்தில் மாணவர் முதலில் வினவுவது விலையையே. தலைகீழ் விமானம் அச்சான அமெரிக்க முத்திரைதான் அவர்களது கனவு. 1918 மே 14 அன்று வாஷிங்டன் தபாற் கந்தோரில் ரொபி என்பார் அத்தகைய நூறு முத்திரை கொண்ட தாளொன்றை 24 டொலருக்கு வாங்கினார். சில நாட்களுள் 15,000 டொலருக்கு விற்றார். மறுநாள் விமானத் தபாற் சேவை ஆரம்பமாயிற்று. வடக்கே செல்லவேண்டிய விமானி வழிதவறித் தெற்கே போய் வயலொன்றில் இறங்கினார். கடிதங்கள் தெருவழியே வாஷிங்டனுக்குத் திரும்பின. இதனையும் மாணவர் ரசிப்பர்.

ஆனால் நாம் அவர்களுக்குச் சொல்ல விழைவது 1919 யூலை மாதத்துக் கதை. நியூயோர்க்கை அடுத்த பெல்மொன்ட் பார்க் விமானத் தளத்திலே கடும் மூடுபனி. அக்காலத்து விமானி திறந்த ஆசனத்தில், வானொலித் தொடர்பின்றி, கீழே தெரியும் நிலத்தைப் பார்த்தே வழி கண்டவன். நிலமே தெரியாதபோது எதனைப் பார்ப்பான்? விமானிகள் மறுத்தனர். வாஷிங்டனில் மேசைமுன் இருந்த தபால் அதிகாரி பிரேகர், மறுத்த இருவரை வேலையினின்றும் நீக்கினார். ஏனையோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். (முத்திரைப் பட்டியல்களில் இதற்கு இடமேது!) சில நாட்களில் இணக்கம் ஏற்பட்டது: பறக்கத் தகுந்த வானிலையா என்பதை இனித் தளத்தில் இருப்பவரே தீர்மானிப்பர். நீக்கப்பட்டோருள் லீ மீண்டும் வேலை பெற்றார், ஸ்மித் பெறவில்லை.