கொம்பும் கன்றும் பாலும்

சிலேடை எழுத நிகண்டு வேண்டும். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்கள்தாம். ஆறுமுக நாவலர் உரையோடு அச்சிட்ட அந்த நூலை இன்றும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஆனால் கேட்பவர் வாயில் புழங்காத பொருளை நம்பி எழுதினால் சிலேடை எழுந்து நிற்காது.

காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் இணைத்தார். கேட்டவர்களுக்கு இரண்டும் பழக்கம். கேகாலை இறப்பர்த் தோட்டத்தில் எங்களுக்குப் பழக்கம் பசுவும் பால்மரமும். அவற்றுக்கு நான் கட்டிய குறள் வெண்பா:

கொம்புண்டு கன்றுண்டு காலையிலே பாலுண்டு
நம்பசுவும் நம்மரமும் நேர்.

சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்கிறது தண்டியலங்காரம். கன்று, பால் இரண்டும் தாமாக வந்தன. கொம்புக்குத்தான் பாடுபட்டேன். 'கிளை' பசுவுக்கு ஆகாது. 'சினை' இலக்கணத்தில் மரக்கிளையையும் குறிக்கும். தோட்டத்திலோ சினை என்றால் மாடு ஒன்றுதான். 'கோடு' நிகண்டுப்படி இரண்டுக்கும் பொருந்துகிறது. அதை வைத்துப் பால் வெட்டும் அக்கா ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"கோடுன்னா, பட்டையில நாங்க வெட்டுற கோடா தம்பி?" என்றார்.

அந்தக் கோட்டை நிகண்டு பாடிய மண்டலபுருடர் எங்கே கண்டார்! கியூ தோட்டத்திலிருந்து இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடைக்கு வந்ததே 1876இல்தான். அக்காவின் காதில் விழுந்த பொருளே அங்கே உயிருள்ள பொருள். கோட்டை எடுத்துவிட்டுக் கொம்பை வைத்தேன், உடனே சிரித்தார்.

வினைச்சொல்லிலும் சிக்கல் உண்டு. மாட்டில் பால் கறக்கிறோம், மரத்தில் பால் வெட்டுகிறோம். எந்த வினையைப் போட்டாலும் ஒரு பக்கம் அறுந்துவிடும். 'உண்டு' என்னும் தளர்ந்த சொல்தான் இரண்டையும் தாங்கியது. பொருள் இறுகிய சொல்லைவிட இப்படி நெகிழ்ந்து கொடுக்கும் சொல்லே சிலேடைக்காரனின் செல்வம் என்பேன். பலர் அரிய சொல்லைத் தேடி அலைகிறார்கள். எனக்கு அதில் ஆசை இல்லை.

இப்போது மனம் இரத்தினபுரியில் நிற்கிறது. மாணிக்கக் குழி தோண்டுவோர் கல் கிடக்கும் சரளைப் படையை 'இல்லம்' என்கிறார்கள். அது சிங்களத்தார் வழக்கு. தமிழில் இல்லம் வீடு. ஒரே ஒலியில் இரண்டு மொழிகள் வந்து சந்திக்கின்றன. சிங்களமும் தமிழும் சரளமாகப் பேசும் சப்ரகமுவத் தோட்டத்துப் பிள்ளை இரண்டையும் ஒருசேரக் கேட்பான். யாழ்ப்பாணத்தில் வாசித்தால் குழி மறைந்து வீடு மட்டும் மிஞ்சும். அடிக்குறிப்புப் போட எனக்குச் சம்மதமில்லை. குழிக்கும் எங்கள் லயத்து வீட்டுக்கும் பொதுவாக மண், கல், விளக்கு என்று சொற்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஈற்றுச்சீர்தான் இன்னும் அமையவில்லை.