தையற்காரரின் நாடா

உடம்பு பெருத்துவிட்டது என்பதை முதலில் கண்டுபிடிப்பவர் டாக்டர் அல்லர், தையற்காரர்தான். தினமும் பார்ப்பதால் மனைவிக்கு அது தெரிவதில்லை. தையற்காரரோ நாடாவை இடுப்பில் சுற்றி, ஒரு கணம் மௌனம் சாதித்துவிட்டு, "கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிடட்டுமா, சார்?" என்பார். அந்தத் 'தாராள'த்தில் இருக்கும் கருணை வேறெங்கும் கிடைக்காது.

இதை வேடிக்கைக்காக மட்டும் சொல்லவில்லை. லண்டனில் ஜெரமி மாரிஸ் என்றொரு டாக்டர் இருந்தார். அந்நகரத்து மாடி பஸ்களில் டிரைவர்கள் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர்களோ டிக்கெட் கொடுப்பதற்காக தினம் 500 படிகளுக்கு மேல் ஏறினார்கள். மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம் என்று 1953-இல் மாரிஸும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். டிரைவர்கள் முதலிலேயே பருமனானவர்களாக இருந்திருக்கலாமே? அதைச் சோதிக்க அவர்கள் எதைப் புரட்டினார்கள் தெரியுமோ? யூனிபாரம் தைத்த அளவுக் கணக்கை! டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியை ஒல்லியோடும் பருமனைப் பருமனோடும் ஒப்பிட்டபோதும், படியேறியவர்களிடையே திடீர் மரணம் குறைவாகவே இருந்தது.

அந்தப் பருத்த கண்டக்டரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவரிடம் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. தொப்பையோடு படியேறி, தொப்பையோடு இறங்கி, அதனாலேயே பிழைத்துக் கிடந்த மனிதர்!

என் தகப்பனார் 52-ஆம் வயதில் மாரடைப்பில் போனார். அவர் பருமனே அல்லர். நாற்காலியை விட்டு எழுந்திருக்காத உத்தியோகம். எனக்கு இப்போது 46. எழுத்தும் நாற்காலித் தொழில்தான்.

இளைப்பதற்காக நடக்கத் தொடங்குகிறவர்களில் பலர் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். எடை மிஷின்தான் அவர்களைக் கெடுக்கிறது. அரை மணி வேகமாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய ஓர் உளுந்து வடை. நடந்த பசிக்கு உள்ளே போவதோ இரண்டு. எடை குறைவது பெரும்பாலும் இலையில் நடக்கிற காரியம். நடையின் பலன் இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் தூக்கத்திலும் தெரியும். மிஷினுக்கு அதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

பத்தாயிரம் அடி நடக்கவில்லையே என்று ஏங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவிக்கு 'மான்போ-கெய்' என்று பெயர். பத்தாயிரம் அடி மானி என்று பொருள். பெயர் முதலில் வந்தது, ஆராய்ச்சி பின்னால் வந்தது! உலக சுகாதார ஸ்தாபனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிஷம். அது போதும் என்று நான் சமாதானம் அடைந்திருக்கிறேன்.

எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். மனைவி காலமான பிறகு அவர் வாசற்படி தாண்டவில்லை. "அண்ணா, மாமாவைக் கொஞ்சம் வெளியே அழைத்துப் போங்களேன்" என்று அவருடைய மருமகள் ஒருநாள் கேட்டாள். அதிலிருந்து இருவரும் மயிலாப்பூர் நாகேசுவர ராவ் பூங்காவைச் சுற்றுகிறோம். மழைத் தூறலிலும், தலைவலியிலும், கதை பாதியில் நிற்கும் நாளிலும் காலை ஐந்தரைக்கு என்னை எழுப்பிவிடுவது அவருடைய கைத்தடிச் சத்தம்தான்.

போன வாரம் மருமகள் ஒரு விஷயம் சொன்னாள். "பாவம், எழுத்தாளர். நான் போகாவிட்டால் அவர் நடக்க மாட்டார்" என்று சொல்லிக்கொண்டுதான் வாத்தியார் தினமும் கிளம்புகிறாராம். நான் அவரிடம் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.