எது பெரிய துறைமுகம்?

எண்ணூர்ப் பக்கம் போனால் அடுத்தடுத்து இரண்டு துறைமுகங்கள். நம் வீட்டு மிக்ஸி ஓட மின்சாரம் தரும் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கத்தான் முதலாவது, 2001-ல் திறந்தார்கள். 2014 முதல் காமராஜர் பெயர். இது 'மேஜர்' துறைமுகம். ஒட்டினாற்போல் வடக்கே இருக்கும் காட்டுப்பள்ளி, தனியார் நடத்துவது, மேஜர் இல்லை! சின்னக் கப்பல்தான் வருமோ என்று நினைக்காதீர்கள். மலை மாதிரி கண்டெய்னர் கப்பல்கள் அங்கேயும் வருகின்றன. மத்திய அரசு அறிவித்துத் தன் பொறுப்பில் வைத்திருந்தால் மேஜர். மற்றவை மாநிலத்தின் கடல்சார் வாரியத்தைச் சேர்ந்தவை. அளவுக்கும் பெயருக்கும் சம்பந்தமே கிடையாது.

நமக்கு இது வெறும் தகவல். கொசஸ்தலை ஆற்று இறாலை நம்பி உலை வைக்கும் மீனவப் பெண்களுக்கு அப்படியா? காட்டுப்பள்ளியை விரிவாக்க வேண்டாம் என்று மனு எழுதினால், துறைமுகத்துக்குக் கோட்டை, சுற்றுச்சூழல் அனுமதிக்கு டெல்லி என்று இரண்டு வாசலில் நிற்கணும்.