கலச மகால் எரிந்த இரவு

சேப்பாக்கம் அரண்மனையில் வேலை என்றால் ஊரில் உறவுக்காரர்கள் ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். ஐப்பசி மழையில் பதிவறைக்குள் வாளி வைத்து ஒழுகலைப் பிடித்த கதையை நான் அவர்களிடம் சொன்னதில்லை. அந்த அரண்மனை 1768-ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காகக் கட்டியது. 1855-ல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு ஆபீசாக்கினான். பிறகு கட்டடக் கலைஞர் சிசோம் துரை வந்து அரண்மனையின் இரண்டு மகால்களுக்கும் நடுவே கோபுரம் எழுப்பினார். வருவாய் வாரியம், பொதுப்பணித் துறை என்று எத்தனையோ பேர் குடியிருந்து, எங்கள் காலத்தில் அந்த இரண்டில் ஒன்றான கலச மகாலில் தொழில் வணிகத் துறையும் சமூக நலத் துறையும் இருந்தன. நவாப் உலாவிய கூடத்தைத் தட்டி வைத்துத் தடுத்து எங்களுக்கு சீட் போட்டிருந்தார்கள்.

நாற்காலியில் சாய்ந்து மேலே பார்த்தால் தேக்கு உத்தரங்கள் தெரியும். அவற்றின்மேல் சன்னச் செங்கலைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை. சித்திரை வெயிலிலும் மேசையில் கை வைத்தால் சில்லென்றிருக்கும். கடல் காற்று உள்ளே புகுந்தால் தாளெல்லாம் பறக்கும் என்பதால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கருங்கல் துண்டு கிடக்கும். அலமாரி போதாமல் பைல் கட்டுகள் வராந்தா வரை வந்துவிட்டன. பழைய தாள், கோந்து, வௌவால் எச்சம், உப்புக் காற்று எல்லாம் கலந்த ஒரு வாடை அங்கே உண்டு. ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் பழைய புத்தகக் கடைப் பக்கம் போனால் அது என்னை நிறுத்திவிடுகிறது.

2012-ல் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கரும்புச் சக்கையைக்கூட இன்னும் அள்ளிப் போடவில்லை, நள்ளிரவு தாண்டி போன் அடித்தது. எங்கள் பிரிவுத் தட்டச்சர். “அக்கா, நம்ம ஆபீஸ் எரியுதுக்கா” என்றாள். அதற்குமேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் வீடு திருவல்லிக்கேணி. வீட்டுக்காரரை எழுப்பி டிவிஎஸ் 50-ல் ஏறினேன். வாலாஜா சாலை திரும்பும்போதே வானம் செக்கச்செவேல் என்றிருந்தது. போலீஸ் வண்டியை மறித்தது, இறங்கி ஓடினேன், தண்ணீர் லாரி, மணிச் சத்தம், கண்ணெரிச்சல், யாரோ தோளைப் பிடித்துத் தள்ளினார்கள், தலைக்குமேல் எரிந்த தாள்கள் கடற்கரைப் பக்கம் பறந்துகொண்டிருந்தன.

நடைபாதை ஓரத்தில் எங்கள் ஆபீஸ் உதவியாளர் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பண்டிகைக்குக் கட்டிய புது வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. வலது கையில் பதிவறைச் சாவிக்கொத்து. ஒவ்வொரு சாவியிலும் துணி நாடா கட்டி, எந்த அலமாரிக்கு எது என்று அவரே மையால் எழுதி வைத்திருப்பார். “சாவி எங்கிட்டதாம்மா இருக்கு, சாவி எங்கிட்டதாம்மா இருக்கு” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு தீயணைப்பு வீரர் குனிந்து, “சரிப்பா, பத்திரமா வெச்சுக்க” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். அந்த முகம் முழுதாக நினைவில் இல்லை. குரல் இருக்கிறது.

பிறகு கூரை விழுந்தது. உத்தரம் எரிந்தால் அதன்மேல் இருக்கும் செங்கல், சுண்ணாம்பு அத்தனையும் கீழே வந்துதானே ஆக வேண்டும். நாங்கள் நின்ற இடத்தில் காலடி அதிர்ந்தது. ஒரு கணம் யாரும் வாய் திறக்கவில்லை, அடுத்த கணம் எல்லாரும் கத்தினார்கள், ஆம்புலன்ஸ், ஸ்ட்ரெச்சர், விலகு விலகு. விடிந்த பிறகுதான் தெரிந்தது: உள்ளே போனவர்களில் ஒருவர் உயிரோடு இல்லை. பெண் அதிகாரி ஒருவருக்கு உடம்பில் கடுமையான தீக்காயம். பெரியவரிடம் பேசிவிட்டுப் போனவர்தான் இறந்தவரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பத்திரிகைகள் நவாபின் பெருமையையும் இந்தோ-சாரசெனிக் கட்டடக் கலையையும் எழுதின. எழுத வேண்டியதுதான். ஆனால் இறந்தவர் எதைக் காப்பாற்றப் போனார் என்று நினைக்கும்போது என் கண்ணில் வருவது எங்கள் பைல் கட்டுகள். முடிந்த கோப்புக்கு நாங்கள் ஒரு முத்திரை போடுவோம். ஆர்.டிஸ். என்றால் காலத்துக்கும் வைத்திருக்க வேண்டியது. எல்.டிஸ். என்றால் சீக்கிரமே கழித்துவிடலாம். எங்களை உள்ளே விட்டபோது சாம்பலில் இரண்டும் ஒன்றாகத்தான் கிடந்தன. தண்ணீரில் ஊறி, நடுப்பக்கம் மட்டும் எரியாமல், தொட்டால் பிட்டுபோல் உதிர்ந்தன.

அப்புறம் வேறு இடத்தில் மேசை போட்டார்கள். மாவட்ட அலுவலகங்களிலிருந்து நகல் வாங்கி, சம்பளக் கணக்கிலிருந்து விவரம் எடுத்து, கோப்புகளை மறுபடி உருவாக்கும் வேலை. ஓய்வு பெற மாதக்கணக்கே பாக்கியிருந்த ஒருவர், பணிப்பதிவேடு போய்விட்டது என்று தன் பழைய உத்தரவுகளைத் துணிப்பையில் சுமந்து வந்தார்.

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் இல்லை, தையல் மெஷினுக்கு மனு போட்டிருந்தார். மனுவின் ஒப்புகைச் சீட்டை ரவிக்கைக்குள் வைத்திருந்த பர்சிலிருந்து எடுத்தார். எட்டாக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. முத்திரையின் பாதி வியர்வையில் அழிந்துபோனாலும் எண் தெரிந்தது. “எல்லாம் எரிஞ்சிடுச்சாமே தாயி, என்னுதும் போயிடுச்சா?” என்றார். அந்த எண்ணை வைத்துப் புதிதாகக் கோப்பு தொடங்கினேன்.

கலச மகாலை இடிக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. நல்லவேளை, சுண்ணாம்புக் கலவை அரைத்து மறுபடி எழுப்பினார்கள். இப்போது பசுமைத் தீர்ப்பாயம் அங்கே நடக்கிறது. பஸ்ஸில் போகும்போது பளிச்சென்று தெரிகிறது. பெரியவர் இல்லை, சாவிக்கொத்தை அவர் கணக்கில் ஒப்படைத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார்.

அந்த அம்மாவுக்கு மெஷின் கிடைத்தது. கோப்பை முடிக்கும்போது விதிப்படி எல்.டிஸ். போட்டிருக்க வேண்டும். ஆர்.டிஸ். என்று போட்டு வைத்தேன். கண்காணிப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“தையல் மெஷினுக்கு எதுக்கும்மா ஆர்.டிஸ்.?”

“இருக்கட்டும் சார்.”

கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பைலைக் கேட்டார்.