மழைக் கிராமத்துக்கு யார் பதில் சொல்வது?

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் பையன்களில் பாதிப் பேரின் செல்போனில் ஒரே படம்தான். ஆரஞ்சு நிற முடி, முகமெல்லாம் கறுப்புக் கம்பி குத்திய ஒருவன். "அக்கா, இவன் பெயின். நருட்டோவுல வர்ற வில்லன். ஆனா வில்லன் இல்ல" என்றான் ப்ளஸ் டூ படிக்கும் ஒருவன். சோனி யே சேனலில் நருட்டோ தமிழ் பேசத் தொடங்கியதிலிருந்து இவர்கள் அதே பேச்சுதான். முழுசாகப் பார்த்துவிட்டு வாங்க, அப்புறம் பேசலாம் என்று எங்களுக்கே சவால் விட்டார்கள். விழுப்புரம் போய்வரும் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் தலையைச் சேர்த்துவைத்துப் பார்த்தோம்.

மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயங்களாக வரைந்த மங்கா இது. கடைசி பெஞ்சுப் பையன் ஊர்த் தலைவனாகும் கதை என்று சொல்வார்கள். அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் நான்காம் தலைவரின் மகன் என்று பிறகு தெரியும்போது, சமூகவியல் படித்த எங்களுக்குக் கொஞ்சம் கசந்தது. உழைப்பு, உழைப்பு என்று சொல்லிவிட்டுக் கடைசியில் பிறப்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

பெயினின் உண்மைப் பெயர் நகாட்டோ. பெரிய நாடுகள் தங்கள் சண்டையைப் போட்டுக்கொள்ள மைதானமாகப் பயன்படுத்திய ஒரு சின்ன மழை நாட்டின் பிள்ளை. உணவு தேடி வீட்டுக்குள் நுழைந்த கொனோஹா வீரர்கள் அவன் கண்ணெதிரில் அம்மா அப்பாவைக் கொன்றுவிடுகிறார்கள். யாஹிகோ, கோனான் என்ற இன்னும் இரண்டு அநாதைகளோடு சேர்ந்து வளர்கிறான். சண்டையில்லாமல் மாற்றம் கொண்டுவர மூவரும் ஓர் இயக்கம் கட்டுகிறார்கள். மழை நாட்டுத் தலைவன் ஹன்சோ அவர்களைப் பேச்சுவார்த்தைக்கு அழைக்கிறான். போனால், கோனானின் கழுத்தில் கத்தி. யாஹிகோவைக் கொல், இவளை விடுகிறேன் என்கிறான். நகாட்டோவின் கையிலிருந்த கத்தியில் யாஹிகோவே வந்து பாய்ந்து சாகிறான். அந்தச் சதியில் ஹன்சோவுக்குக் கூட்டாளி, கொனோஹாவின் டான்சோ.

இந்தப் 'பேச்சுவார்த்தை' என்ற இடத்தில் அந்தப் பையன் வீடியோவை நிறுத்தினான். எங்களைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

அவன் பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது. அவனுடைய அண்ணனை ஊர்த்தெரு வழியாக வண்டியில் போனதற்காக நிறுத்தி அடித்தார்கள். கை முறிந்தது. ஸ்டேஷனுக்குப் போனால், எதிர்த்தரப்பிலிருந்து ஒரு புகார் ஏற்கெனவே தயாராக இருந்தது. இரண்டு பக்கமும் வழக்குப் போடுவோம், இல்லையென்றால் சமாதானமாகப் போங்கள் என்றார்கள். அப்பா கரும்பு வெட்டப் போவது அவர்கள் நிலத்துக்குத்தான். தம்பிக்குப் பொதுத்தேர்வு. சமாதானக் கூட்டத்தில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். "இப்போதைக்கு விட்டுடுங்க அண்ணே, புள்ள பரீட்சை முடியட்டும்" என்று அந்த அப்பாவிடம் சொன்னது நாங்கள்தான். அவர் கையெழுத்துப் போட்டார். அண்ணனுக்கு இடது கை, அதனால் கைநாட்டு.

இங்கே அமைதி என்ற சொல்லுக்கு எப்போதும் இந்த அர்த்தம்தான். விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். அமைதிப் பேச்சு பலமுறை நடந்தது. ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் ஒரே பூட்டு. 2025 ஏப்ரலில்தான் போலீஸ் பாதுகாப்போடு நம் ஆட்கள் உள்ளே போக முடிந்தது. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்திலேயே நம் ஆட்கள் 12 பேர் கொல்லப்பட்டதை, அந்தத் தெருக்களில் டியூஷன் போகும் பிள்ளைகளில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

"வெண்மணியில கோர்ட் விட்ட ஆளை அப்புறம் போட்டாங்கல்ல, நீங்கதானே சொன்னீங்க?" என்றான் பையன். சொன்னோம்தான். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கீழ்க் கோர்ட் தண்டித்த கோபாலகிருஷ்ண நாயுடுவை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1980 டிசம்பரில் அவர் கொல்லப்பட்டார். இதைச் சொல்லும்போது எங்கள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்திருக்கும். பிள்ளைகள் அதைக் கவனித்திருப்பார்கள்.

அதனால் 'பழிவாங்குவது தப்பு' என்று அவனிடம் பாடம் எடுக்க எங்களுக்கு வாய் வரவில்லை. கதையையே திருப்பிக் கேட்டோம். ஹன்சோவைக் கொன்ற பெயின், அவனுடைய தூரத்து உறவுகளையும் கைக்குழந்தைகளையும்கூட விடவில்லையே? கொனோஹாவை ஒரே அடியில் தரைமட்டமாக்கினான். யாஹிகோவைக் கொல்லச் சதி செய்த டான்சோ என்ன ஆனார்? பையன் யோசித்தான். "அவரு அண்டர்கிரவுண்டுல இருந்தாரு. ஒண்ணும் ஆகல. அப்புறம் தலைவர் பதவிக்கே வந்தாரு." யார் செத்தது? ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள், கடை வைத்திருந்தவர்கள்.

ஆனால் எங்களுக்கே பதில் இல்லாத ஒரு கேள்வியை அவன் அடுத்துக் கேட்டான். நருட்டோ போய்ப் பேசியதும் நகாட்டோ மனம் மாறி, தன் உயிரைக் கொடுத்துக் கொனோஹாவில் செத்தவர்களை எழுப்புகிறான். அழுகை, கட்டிப்பிடிப்பு, கொண்டாட்டம். "சரிக்கா. மழை ஊர்ல செத்தவங்கள யாரு எழுப்புனா? அவங்க அம்மா அப்பாவை? யாஹிகோவை? கொனோஹாக்காரங்க யாராவது ஒரு மன்னிப்பாவது கேட்டாங்களா?"

கேட்கவில்லை. நாங்கள் திரும்பவும் அந்த எபிசோடுகளைப் போட்டுப் பார்த்தோம். கோனான் இரண்டு உடல்களைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் திரும்பிப் போகிறாள், அவ்வளவுதான். மனம் மாற வேண்டியவன் எப்போதும் இழந்தவன்தான். ஆறுதலாகப் பேச வருகிறவன் நல்லவனாகவும் இருக்கலாம், நருட்டோ நல்லவன்தான். நாங்களும் அந்தச் சமாதானக் கூட்டத்தில் நல்லவர்களாகத்தான் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அண்ணனிடமும் அப்பாவிடமும், அன்றைக்கு நாங்கள் சொன்னது தப்பு என்று சொன்னோம். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. "வெட்டு வேலை போயிடுமே" என்றார் கடைசியில். அது உண்மை. அதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை, பக்கத்து ஊரில் வேலை கேட்டிருக்கிறோம். அந்தக் காகிதத்தில் சமாதானம் என்று எழுதியிருந்தாலும் வன்கொடுமை வழக்கு அதோடு செத்துப்போய்விடாது என்றோம். 1989ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து வைத்து 15ஏ பிரிவைப் படித்துக் காட்டினோம்: பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு, ஜாமீன் விசாரணையில்கூடத் தன் தரப்பைச் சொல்லும் உரிமை. அண்ணன்தான் முதலில் சரி என்றான்.

மனுவைத் தம்பி எழுதினான். தேதி, நேரம், வண்டியை நிறுத்திய இடம், சொன்ன வசவு ஒவ்வொன்றும். வசவை எழுதும்போது மட்டும் பேனாவை நிறுத்தி, "இதையும் எழுதணுமா அக்கா?" என்றான். எழுது என்றோம். விழுப்புரம் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை அவன் செல்போன் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டான். உறைக்கு முன்பக்கம் இன்னும் பெயின் படம்தான் இருக்கிறது.