அவள் சொன்ன அதே இடம்

போன வருடம் ஒரு நாள் காலை நாற்காலியிலிருந்து எழுந்தபோது வலப்பக்கம் சுருக்கென்றது. நடுமுதுகில் அல்ல. இடுப்புக்குக் கீழே, பின்பக்கம் லேசாகக் குழி விழுமே, அங்கே. புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். இடுப்புவலியை பிரெஞ்சில் 'மால் ஓ ரேன்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் சிறுநீரக வலி! கிட்னியில் கல்லோ என்று பயந்து டாக்டரிடம் ஓடினேன்.

அவர் காலை மடக்கி, அழுத்திப் பார்த்துவிட்டு, "கல்லுமில்லை, டிஸ்கும் இல்லை. சாக்ரோஇலியாக் மூட்டு" என்றார். முதுகெலும்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பு இடுப்பெலும்போடு சேரும் இடம் அது, பக்கத்துக்கு ஒன்று. மிகக் கொஞ்சம்தான் அசையும். ஆனால் மேலுடம்பின் பாரமெல்லாம் அதன் வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது.

பிசியோதெரபி செய்யும் பெண், "பர்ஸ் எங்கே வைப்பீங்க சார்?" என்று கேட்டார். வலது பின்பாக்கெட்டில்தான். சர்வீஸ் முழுக்க அதன்மேல் ஒருக்களித்து உட்கார்ந்தே ஃபைல் பார்த்திருக்கிறேன். இனி வேண்டாம் என்றார். பேண்ட்டை ஒற்றைக்காலில் நின்று போடக்கூடாது, உட்கார்ந்து போடவேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது முழங்கால்களைச் சேர்த்தபடி பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழவேண்டும். நாள்கணக்கில் படுத்தே கிடந்தால் வலி கூடத்தான் செய்யும்.

பயிற்சி மூன்றுதான். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மார்புப் பக்கம் இழுத்து இருபது எண்ணுவது, பிறகு மறுகால். முழங்கால்களை மடக்கி, நடுவில் தலையணை வைத்து ஐந்து எண்ணும்வரை அழுத்துவது, பத்து முறை. அதே நிலையில் இடுப்பை மெல்லத் தூக்கி இறக்குவது. வலி கூடினால் நிறுத்திவிடவேண்டும்.

ஒருக்களித்துப் படுக்கும்போதும் முழங்கால்களுக்கிடையே தலையணை வைக்கச் சொன்னார். அன்றிரவு வைத்துப் படுத்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "நான் பழம்புடவையைச் சுருட்டி வெச்சுக்குவேனே, மறந்துட்டீங்களா? சின்னவன் வயித்துல இருந்ததுலேருந்து" என்றாள்.

மறக்கவில்லை. அவள் இதே இடத்தைத் தொட்டுக்காட்டி வலிக்கிறது என்றபோது, "பிள்ளை பெத்தவங்க எல்லாருக்கும் வர்றதுதானே" என்று சொன்னவன் நான்தான். அதற்கு நாற்பது வருடம் ஆகிறது.

அடுத்த முறை அவளையும் அழைத்துப்போனேன். கர்ப்ப காலத்தில் ஹார்மோன்களால் அந்த மூட்டைப் பிடித்திருக்கும் நார்கள் தளரும், பலருக்குப் பிரசவத்துக்குப் பின் சரியாகிவிடும், சிலருக்கு வலி தங்கிவிடும் என்றார் அந்தப் பெண். இருவருக்கும் சேர்த்து எச்சரித்தார்: காலில் பலம் குறைந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ, வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இப்போது காலையில் கூடத்தில் இரண்டு பாய் விரிகிறது. வலி இருவருக்கும் குறைந்திருக்கிறது. அவளுக்குக் கொஞ்சம் தாமதமாக. எண்ணுவது அவள்தான். எனக்கு இருபதை மட்டும் ரொம்ப நிதானமாக எண்ணுகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.