நீச்சல் தெரியாதவனும் நாலு ஏரியும்

ஆணி புடுங்குறதுல இருந்து மூணு நாள் தப்பிச்சு பவுண்டரி வாட்டர்ஸ் போயிட்டு வந்தேன். மினசோட்டாவோட வடக்குல, கனடா எல்லையை ஒட்டின காடு. பத்து லட்சம் ஏக்கர், ஆயிரத்துக்கும் மேல ஏரி. பெரும்பாலான ஏரியில மோட்டார் கிடையாது, துடுப்புதான். ராத்திரி கரையில கூடாரம்.

இதுல என்ன விசேஷம்னா, எனக்கு நீச்சல் தெரியாது. அம்பாசமுத்திரத்துக்காரன், தாமிரபரணி கூப்பிடு தூரத்துல இருக்கு, ஆனா தெரியாது. அம்மாவோட தம்பி, பதினேழு வயசுல ஆத்துல போனவர். அந்த மாமாவை நான் போட்டோல மட்டும்தான் பாத்திருக்கேன். அதனால ஆத்துல எனக்கு முழங்கால் வரைக்கும்தான் பர்மிட். இந்தத் தடவை அம்மாகிட்ட, "காட்டுக்குப் போறோம்மா, டவர் இருக்காது, ஞாயித்துக்கிழமை ராத்திரி கூப்பிடறேன்"னு மட்டும் சொன்னேன். தண்ணியைப் பத்தி மூச்சு விடலை.

பர்மிட் அங்கயும் உண்டு. மே 1-ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும், தங்கிட்டு வரணும்னா ஒவ்வொரு நுழைவுக்கும் தினசரி கோட்டா. நாங்க நாலு பேர், ரெண்டு கனோ. ஈலிங்கிற ஊர் பக்கத்துல 'லேக் ஒன்'ல இறங்கினோம். அடுத்தது லேக் டூ, த்ரீ, ஃபோர். (பேர் வச்சது நம்மள மாதிரி பொட்டி தட்டுறவன்தான்னு நினைக்கிறேன்.) தகர டின், கண்ணாடி பாட்டில் ரெண்டுக்கும் உள்ளே தடை. அம்மா குடுத்த மாவடு பாட்டிலைப் பார்க்கிங்லயே பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்தினேன்.

கனோ வாடகைக்குக் குடுத்தவர் சொன்னது மூணே மூணு. லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டாதே. எழுந்து நிக்காதே, ஆடினா முட்டி போட்டு உக்காரு. கரையை ஒட்டியே போ. முதல் அரை மணி நேரம் பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சுதான் போனோம். வலது பக்கம் தள்ளினா மூக்கு இடது பக்கம் திரும்புது. பின்னாடி உக்காந்தவன் ஒவ்வொரு தள்ளு முடிவுலயும் துடுப்பை லேசா வெளிப்பக்கம் திருப்பி விடணும். அது பிடிபட்டதும் நேரா போச்சு பாருங்க, அவ்வ்வ்!

ஏரிக்கும் ஏரிக்கும் நடுவுல கனோவைத் தலைகீழா தோள்ல தூக்கிட்டு நடக்கணும். மேப்ல அந்தத் தூரத்தை 'ராட்'னு போட்டிருக்கு. ஒரு ராட்னா 16.5 அடி, ஏறக்குறைய ஒரு கனோ நீளம். ராத்திரி கரடிக்குப் பயந்து சாப்பாட்டு மூட்டையை மரத்துல தொங்க விட்டோம், மாவடும் சேர்த்துத்தான். இருட்டுல லூன் பறவை கத்தினதைக் கேட்டு யாரோ அழறாங்கன்னு எழுந்து உக்காந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை திரும்பணும். லேக் த்ரீ நல்லா விரிஞ்ச ஏரி. 2011-ல பகாமி கிரீக் தீ எரிச்ச பக்கம், இப்ப குட்டி குட்டி பைன் மரமா முளைச்சு நிக்குது. காலையில கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி, மத்தியானம் காத்துல வெள்ளை வெள்ளையா நுரை தள்ளுது. "டேய், அரை மணி நேரம்தான், நாளைக்கு ஆபீஸ் இருக்கு"ன்னான் ரூம்மேட். எனக்குத் தொண்டை அடைச்சுது. ஆனா, "நான் வரலை, நீங்க போங்க"ன்னு சொல்லிட்டேன். நாலு பேருமே போகலை. பயந்தாங்கொள்ளின்னு ஒரு மணி நேரம் ஓட்டினானுங்க. சாயங்காலமும் காத்து நிக்கலை. எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாக்கெட் நூடுல்ஸ், தொட்டுக்க மாவடு.

திங்கக்கிழமை விடியறப்ப ஏரி அசையவே இல்லை. சத்தமே இல்லாம கடந்தோம்.

ஈலி வந்து டவர் கிடைச்சதும் பாத்தா, அம்மாகிட்ட இருந்து பதினொரு மிஸ்டு கால். கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னேன், ஏரி, கனோ, காத்து, எல்லாம். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. லைன் கட் ஆயிடுச்சோன்னு நினைச்சேன்.

"ஏதோ சட்டைன்னியே, அதைப் போட்டிருந்தியா?"

"கழட்டவே இல்லம்மா."

"அப்பாகிட்ட சொல்லாத"ன்னாங்க. அப்புறம், "அந்த மாதிரி சட்டையெல்லாம் அப்ப நம்ம ஊர்ல கிடைச்சிருக்காது, இல்லடா?"